இந்த இடத்தில் என்ன இருந்தது? பழைய கிராபிக்ஸ் கார்டும் உதிர்ந்துபோன உறுப்புகளும்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஒரு காலத்தில் நெட் கஃபே நடத்தியவர்களின் வீட்டில், அலுமாரிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். பழைய மதர்போர்ட், ராம், சவுண்ட் கார்ட், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்ட் எல்லாம் உறையேதும் இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். பெட்டியை இழுத்து இறக்கும்போது ஒரு கார்டின் முதுகு இன்னொரு கார்டின் இரும்புத் தகட்டில் உரசும். அரிசிக் குருணையைவிடச் சிறிய உறுப்புகள் அப்படித்தான் கழன்று போகின்றன. தூசி தட்டிப் பார்த்தால், இருந்த இடத்தில் இரண்டு வெள்ளிநிறப் புள்ளிகள் மட்டும் மிச்சம். உதிர்ந்தது பெட்டியின் அடியில் கிடைத்தாலும், அது எந்தக் கார்டினுடையது என்று யாருக்குத் தெரியும்?

தூக்கி எறிந்துவிடலாமே என்றால், பழைய கணினி விளையாட்டுகளில் பைத்தியமாக இருப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 1996இல் முப்பரிமாண விளையாட்டுக்கான முதல் வூடூ கார்டைக் கொண்டுவந்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம், 2000ஆம் ஆண்டின் இறுதியில் தன் தொழில்நுட்பத்தை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டு களத்தைவிட்டு விலகியது. அந்தக் கார்டை இனி யாரும் புதிதாகச் செய்யப் போவதில்லை. எனக்கோ விளையாட்டில் பெரிய ஈடுபாடு கிடையாது. என்னைப் பிடித்திழுப்பது வேறு விஷயம்: சுற்று வரைபடம் கையில் இல்லாமலே, வெற்றிடத்தைப் பார்த்து அங்கே இருந்தது எது, அதன் அளவு என்ன என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அந்த உறுப்பு என்ன வேலை பார்த்தது என்று தெரிந்தால் போதும், மீதி தானாக வரும்.

முதலில், அங்கே உண்மையிலேயே ஏதாவது இருந்ததா? கார்ட் செய்பவர்கள் ஒரே பலகையை விலை கூடிய மாதிரிக்கும் விலை குறைந்த மாதிரிக்கும் பாவிப்பது வழக்கம். டிவிக்குப் படம் அனுப்பும் வசதி இல்லாத மாதிரியில் அதற்குரிய உறுப்புகள் எல்லாமே இருக்காது. 1999இல் வந்த என்விடியாவின் ரிவா டிஎன்டி2 சிப் 128 பிட் அகலத்தில் நினைவகத்தோடு பேசும். அதன் மலிவான தம்பி எம்64க்கு 64 பிட்தான். அப்படிப்பட்ட பலகைகளில் வெறுமையாகக் கிடக்கும் இடங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. தொழிற்சாலையே விட்டுவைத்த இடத்தில் பற்றவைக்கும் ஈயம் (சோல்டர்) சமமாகவோ வழவழப்பான சிறு மேடாகவோ இருக்கும். அடிபட்டுப் போன இடம் கரடுமுரடாக, நடுவில் பள்ளமாக, சில வேளை பீங்கான் துணுக்கு ஒட்டியபடி இருக்கும். ஒரு பூதக்கண்ணாடியும் சாய்வாக விழும் டோர்ச் வெளிச்சமும் இதற்குப் போதும்.

சரி, இருந்தது என்று உறுதியாகிவிட்டது. இனி மல்டிமீட்டரை எடுத்து, இரண்டு பேட்களும் (அந்த வெள்ளிநிறப் புள்ளிகள்) எங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். ஒன்று தரைக்கும் (சுற்றின் பூச்சிய வோல்ட் பக்கம்) மற்றது 3.3 வோல்ட் வரிக்கும் போனால், காணாமல் போனது மின்வழங்கலைச் சீராக வைக்கும் கெப்பாசிட்டர், அதாவது மின்னேற்றத்தைச் சேர்த்துவைத்து வேண்டும்போது கொடுக்கும் உறுப்பு. உதிர்ந்துபோவதில் பெரும்பங்கு இந்த இனம்தான். ஏனென்றால் கார்டில் இருப்பதிலும் பெரும்பங்கு இதுதான்.

இது எதற்கு இத்தனை? டிஎன்டி2 சிப்புக்குள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அதன் வேலைக்குத் தாளம் போடும் கடிகாரம் 125 மெகாஹேர்ட்ஸ். அதாவது 8 நானோ செக்கனுக்கு ஒருமுறை அவற்றில் ஒரு கூட்டம் சேர்ந்து நிலை மாறும். மாறும் கணத்தில் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகக் கரண்ட் வேண்டும். பலகையின் செப்புத் தடத்தில் ஒரு நானோ செக்கனில் மின்சமிக்ஞை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்தான் போகும். பவர் சப்ளையோ அதைவிடத் தொலைவில், நீண்ட வயரின் மறுமுனையில் இருக்கிறது. அதற்குச் செய்தி போய்ப் பதில் வருவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

தூரம் மட்டும் பிரச்சினை என்றில்லை. எந்தக் கம்பியும் கரண்ட் சடுதியாக மாறுவதை எதிர்க்கும். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குத் தூண்டல் என்றால் நினைவு வரும். மெல்லிய கம்பியில் மில்லிமீட்டருக்கு ஒரு நானோ ஹென்றி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். வெறும் ஒரு சென்டிமீட்டர் வழியாக, ஒரு நானோ செக்கனுக்குள் 0.1 அம்பியர் கூடுதலாக இழுத்தால், அந்தத் துண்டில் மட்டும் 1 வோல்ட் விழுந்துவிடும். 3.3 வோல்ட்டில் ஓடும் சிப்புக்கு அது பெரிய குழி. ஒன்றைப் பூச்சியம் என்று படித்துவிடும். இப்போது சிப்பின் காலடியிலேயே 100 நானோ பரட் கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். அதே 0.1 அம்பியரை முழு 8 நானோ செக்கனும் அது தனியாகக் கொடுத்தாலும், அதன் அழுத்தம் குறைவது 8 மில்லிவோல்ட்தான். அடுத்த தேவை வருவதற்குள் தூரத்திலிருந்து வரும் கரண்ட் அதை நிரப்பிவிடும்.

இதனால்தான் இப்படி ஒன்று போனாலும் கார்ட் படம் காட்டும். பக்கத்தில் இருக்கும் நாலைந்து கெப்பாசிட்டர்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். விண்டோஸ் திரை வரும், உரிமையாளர் சந்தோஷப்படுவார். அப்புறம் ஒரு முப்பரிமாண விளையாட்டைத் தொடங்கியதும் படத்தை ஆக்கும் முக்கோணங்கள் கிழிந்து தெறிக்கும், அல்லது திரை அப்படியே உறைந்துவிடும். பழுதை டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) மேல் போட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

இந்த இனத்துக்கு அளவைப் பற்றிய கண்டிப்பு குறைவு. 100 நானோ பரட் இருந்த இடத்தில் 220 போட்டாலும் கார்ட் கோபிக்காது. ஆனால் எல்லாக் கெப்பாசிட்டரும் இப்படிப் பெருந்தன்மையானது அல்ல. அதிர்ந்து கடிகாரத் தாளத்தைத் தரும் பளிங்கின் இரு பக்கமும் நிற்கும் இரண்டும் இருபது பிக்கோ பரட் அளவில்தான் இருக்கும், அதாவது ஐயாயிரத்தில் ஒரு பங்கு. அங்கே 100 நானோ பரட்டை வைத்தால் பளிங்கு அதிரவே அதிராது, கார்டுக்கு உயிரே வராது. (அந்தக் காலத்துக் கார்டுகள் பலவற்றில் பளிங்கின் மேல் 14.318 என்று எழுதியிருக்கும். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிற மீடிறனை நான்கால் பெருக்கினால் வருவது அது. 1981இன் ஐபிஎம் பிசி அதையே மூன்றால் வகுத்து 4.77 மெகாஹேர்ட்ஸ் எடுத்துக்கொண்டது.)

மொனிட்டர் செருகும் இடத்துக்கு அருகில் ஒன்று போயிருந்தால் துப்பறிவது இன்னும் சுவையானது, ஏனென்றால் படமே சாட்சி சொல்லும். விஜிஏ வழியில் (பழைய மொனிட்டர்களின் இணைப்பு) சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் போகின்றன. முழு வெளிச்சம் என்றால் 0.7 வோல்ட். சிப் அனுப்புவது ஒரு குறிப்பிட்ட கரண்டைத்தான். அது கார்டில் உள்ள 75 ஓம் ரெசிஸ்டர் (கரண்டைத் தடுக்கும் உறுப்பு), மொனிட்டருக்குள் உள்ள இன்னொரு 75 ஓம் என்று இரண்டு வழியாகப் பிரிந்து தரைக்குப் போகும். இரண்டும் சமாந்தரமாகச் சேர்ந்தால் 37.5 ஓம். சுமார் 18.7 மில்லி அம்பியர் அதில் பாய்ந்தால் 0.7 வோல்ட் கிடைக்கும். கார்டில் உள்ள சிவப்புக்குரிய ரெசிஸ்டர் உதிர்ந்துவிட்டால் கரண்ட் முழுவதும் மொனிட்டர் பக்கமே போகும்; அழுத்தம் இரண்டு மடங்காக ஏறப் பார்க்கும். திரை முழுக்கச் சிவப்பேறி, மனிதர்களின் முகமெல்லாம் வெயிலில் வெந்தது மாதிரித் தெரியும். மாறாக, சிவப்பின் பாதையில் தொடராக நிற்கும் உறுப்பு போயிருந்தால் சிவப்பே வராது. வெள்ளை நீலப்பச்சையாகத் தெரியும். கூடுகிறதா குறைகிறதா என்பதை வைத்தே எது போனது என்று சொல்லிவிடலாம். அளவுக்கும் அலைய வேண்டாம். பச்சைக்கும் நீலத்துக்கும் அதே வரிசையில் அதே உறுப்புகள் நிற்கும். அவற்றைப் பார்த்துப் போட்டால் சரி.

இந்த அயலவரைக் கேட்கும் முறை நினைவகச் சிப்புகளுக்கும் பொருந்தும். நான்கு சிப் இருந்தால் நான்கையும் சுற்றி ஒரே கோலம்தான் இருக்கும். ரெசிஸ்டர் என்றால் முதுகில் எண் இருக்கும்: 103 என்றால் 10க்குப் பின் மூன்று பூச்சியம், பத்தாயிரம் ஓம், 750 என்றால் 75 ஓம். மண்ணிறப் பீங்கான் கெப்பாசிட்டரின் முதுகில் ஒன்றும் இருக்காது. அயலில் உள்ளதைப் பலகையில் வைத்தே அளந்தால் அந்த வரியில் உள்ள எல்லாக் கெப்பாசிட்டர்களின் கூட்டுத்தொகைதான் வரும், ஆகவே ஒன்றைக் கழற்றித்தான் அளக்க வேண்டும்.

அயலவர் உதவாத இடமும் உண்டு. சில ரெசிஸ்டர்கள் சிப்பின் காலை 3.3 வோல்ட்டுக்கோ தரைக்கோ மெதுவாக இழுத்துப் பிடிப்பதோடு சரி. கரண்ட் வந்த கணத்தில் சிப் அந்தக் கால்களைப் படித்து, நினைவகம் எந்த வகை, தான் எந்த மாதிரி என்று முடிவு செய்துகொள்ளும். ஒன்று உதிர்ந்தால் கார்ட் தன் பெயரையே மாற்றிச் சொல்லலாம். இதை வேண்டுமென்றே செய்தவர்களும் உண்டு: 1999இன் ஜீஃபோர்ஸ் 256 கார்டில் ரெசிஸ்டரை இடம் மாற்றி, அதை என்விடியாவின் விலை கூடிய தொழில்முறைக் கார்டான குவாட்ரோ என்று கணினியை நம்பவைத்தார்கள். இப்படிப்பட்ட இடங்களில் அதே மாதிரிக் கார்டின் தெளிவான படம் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே ஒழுங்கு. ஊகித்துப் போடக் கூடாது.

2004க்குப் பிந்திய பிசிஐ எக்ஸ்பிரஸ் (மதர்போர்டில் செருகும் புதிய இணைப்பு முறை) கார்ட் என்றால், செருகும் பொன் விளிம்புக்கு மேலே வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். அவை மின்வழங்கலுக்கானவை அல்ல. தரவே அவற்றின் ஊடாகத்தான் போகிறது. ஒன்று போனால் அந்தத் தடம் (தரவு போகும் 16 வழிகளில் ஒன்று) செத்துவிடும், கார்ட் 16 தடத்துக்குப் பதில் 8, 4 அல்லது 1 தடத்தில் ஓடும். படம் வரும், வேகம் குறையும். ஆரம்பத் தலைமுறைகளுக்கு 75 முதல் 200 நானோ பரட் வரை எதுவும் ஆகும்.

மாற்று உறுப்புக்காகக் கொழும்பு புறக்கோட்டைக்கு ஓட வேண்டியதில்லை. செத்த மதர்போர்ட் ஒன்று ஆயுளுக்கும் போதுமான கெப்பாசிட்டர்களைத் தரும். ஆனால் பற்றவைக்க முன் கழுவ வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில், கல்லடி மாதிரி இடத்தில் கிடந்த கார்டில் உப்பு படிந்திருக்கும். உப்பு ஈரத்தை இழுத்துக் கரண்ட் கடத்தும்; செம்பு பச்சை பூக்கும். பலர் நேராக ஐசோபுரோப்பைல் அல்கஹோலை ஊற்றித் தேய்க்கிறார்கள். அதில் உப்பு கரைவது மிகக் குறைவு. முதலில் காய்ச்சி வடித்த நீர், அதன்பின் நீரை விரட்ட அல்கஹோல், பிறகு நன்றாகக் காயவிடுதல் என்பதே முறை.

2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்தைக் கட்டுப்படுத்துவதற்கு முன் செய்த கார்டுகளில் பெரும்பாலும் ஈயம் கலந்த சோல்டர்தான். 183 பாகை செல்சியஸில் உருகும், வேலை சுகம். ஈயமில்லாததுக்கு 217க்கு மேல் வேண்டும். ஒரு பேட்டில் மட்டும் கொஞ்சம் சோல்டர் வைத்து, உறுப்பை இடுக்கியால் பிடித்து அதில் ஒட்டி, பிறகு மறுபக்கத்தை முடிக்கலாம். தரைப் பக்கம் வெப்பத்தை உறிஞ்சும், அதனால் அங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். பேட்டே பிய்ந்து போயிருந்தால் அதிலிருந்து போகும் தடத்தின் பச்சைப் பூச்சைச் சுரண்டி, தலைமயிர் அளவு செப்புக் கம்பியால் பாலம் போடலாம். பீங்கான் கெப்பாசிட்டருக்குத் திசை இல்லை. அலுமினிய உருளைக் கெப்பாசிட்டரில் கறுப்பு அடையாளம் எதிர்முனை, தந்தாலக் கெப்பாசிட்டரில் கோடு நேர்முனை. இந்த இரண்டையும் மாற்றி நினைத்தால் வெடிக்கும்.

கணினியில் செருக முன் 3.3 வோல்ட் வரிக்கும் தரைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துக் குறுக்குச்சுற்று இல்லை என்று பார்த்துவிடுங்கள். படம் வந்தால் கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியான சாம்பல் பட்டை ஒன்றைத் திரையில் போடுங்கள். எங்காவது இளஞ்சிவப்புச் சாயல் தெரிந்தால் திரும்பவும் அந்த 75 ஓமிடம் போக வேண்டியதுதான். சாம்பல் சாம்பலாகவே தெரிந்தால், கனமான விளையாட்டு ஒன்றை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள்.