டாலரன்ஸ்னா சகிப்புத்தன்மையா?

சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்படி உலோகம் வெட்டற மெஷின்) கத்துக்க வந்திருக்கற தம்பி ஒருத்தன் டிராயிங் குறிப்பை ஃபோன்ல தமிழ்ல மாத்திப் பாத்துட்டு, "அண்ணா, சகிப்புத்தன்மை 0.021னு வருது, யாரை சகிச்சுக்கணும்?"னு கேட்டான். சிரிப்பு வந்துடுச்சு, ஆனா கேள்வி நியாயமானதுதான். புதுசா வர்றவங்க நெறைய பேர் தடுக்கி விழற எடமே இந்த சொல்லுதான்.

டாலரன்ஸ் லத்தீன்ல இருந்து வந்தது. தொலெராரேன்னா தாங்குறது, பொறுத்துக்கறது. இங்கிலீஷ்லயும் மொதல்ல மனுசனோட பொறுமையைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க, 19ஆம் நூற்றாண்டுல காசு அடிக்கற எடத்துல ஒரு காசு எடை கூடக்குறைய வந்தா எதுவரைக்கும் விடலாம்ங்கறதுக்கும் இதே சொல்லைப் போட ஆரம்பிச்சாங்க. பட்டறையில சொல்றதும் அந்த அர்த்தத்துலதான்.

டிராயிங்ல டயா 25 ஹெச்7னு ஒரு ஓட்டை இருக்குனு வைங்க (டயான்னா விட்டம், அளவெல்லாம் எம்எம்ல, ஹெச்7ங்கறது ஓட்டை எவ்ளோ கூடலாம்னு சொல்ற குறியீடு). அது 25.000ல இருந்து 25.021 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம், அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கற 0.021தான் டாலரன்ஸ். அந்த ரெண்டு கோடும் லிமிட், அது வேற. ±0.05னு போட்டிருந்தா டாலரன்ஸ் 0.05னு நெறைய பேர் சொல்லுவாங்க, தப்பு, மேல 0.05 கீழ 0.05, மொத்தம் 0.1. டாலரன்ஸுக்கு பிளஸ் மைனஸ் கெடையாது, அது வெறும் அகலம்.

இதுல நானே அடி வாங்கியிருக்கேன். வேலைக்கு சேந்த புதுசுல அலுமினியத்துல இதே 25 ஹெச்7 போர் (ஓட்டையைத்தான் போர்னு சொல்றது), 25னு போட்டிருக்கே கரெக்டா 25லயே நிறுத்தணும்னு வெறியா பாத்து பாத்து ஓட்டி, வெட்டின சூடு ஆறறதுக்குள்ளயே போர் கேஜை (ஓட்டையோட விட்டத்தை அளக்கற கருவி) விட்டு 25.002னு படிச்சுட்டு சந்தோசமா கழட்டி வெச்சுட்டேன். டீ குடிச்சுட்டு வந்து பாத்தா ப்ளக் கேஜ்ல (ஓட்டையை சோதிக்கற உருளை) கோ சைடே, அதாவது சரியான ஓட்டைக்குள்ள போயே ஆகவேண்டிய முனையே, உள்ள போகல. அலுமினியம் 15 டிகிரி ஆறினா 25 எம்எம்ல எட்டு மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா 0.001 எம்எம்) மேல சுருங்கிடும், போர் 24.993ல நிக்குது. சீனியர் அண்ணன் வந்து பாத்துட்டு, "ரோடு இவ்ளோ அகலமா இருக்கு, நீ ஏன்டா ஓரத்துல போயி சாக்கடையில விழற, நடுவுல போ"ன்னாரு. போர் சின்னதா இருந்ததால தப்பிச்சேன், திரும்ப ஏத்தி இன்னொரு கட் எடுத்துக்கலாம், பெருசாயிருந்தா ஸ்கிராப்தான் (ஓட்டைக்குள்ள போற தண்டு, அதான் ஷாஃப்ட், அதுக்கு நேர் தலைகீழ்). அன்னைல இருந்து 25.010க்குதான் குறி வெச்சு ஆஃப்செட் (மெஷின்ல குடுக்கற அளவுத் திருத்தம்) போடறேன்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? சகிப்புத்தன்மை வேண்டவே வேண்டாம், அது மனுசங்க குணம், மைக்ரோமீட்டர்ல அளக்க முடியாது. என் ஓட்டு பொறுதிக்கு. பேச்சுல பொறுதின்னா பொறுமைதான், ஆனா பொறுங்கறதுக்கு பாரம் தாங்குறதுனும் ஒரு அர்த்தம் இருக்கு, பொறுப்புன்னு சொல்றதெல்லாம் அந்த வகையறாதான். லத்தீன்காரன் தாங்குறதுல ஆரம்பிச்சான், நம்ம சொல்லும் அங்கயேதான் நிக்குது, இதுக்கு மேல என்ன வேணும்.

ஒண்ணு மட்டும் பாத்து எழுதணும், ற-வும் ர-வும். பொறுதிக்கு வல்லின ற. ஷாஃப்டும் போரும் சேர்றது பொருத்தம், அதுக்கு இடையின ர, கல்யாணத்துக்குப் பாக்கற அதே பொருத்தம், இங்கிலீஷ்ல ஃபிட். 25 ஹெச்7 போருக்கு ஜி6 ஷாஃப்ட் (ஜி6, பி6 எல்லாம் ஷாஃப்ட் அளவுக்கான குறியீடு) போட்டா ஷாஃப்ட் 24.980ல இருந்து 24.993க்குள்ள, கொறஞ்சது ஏழு மைக்ரான் இடைவெளி இருக்கும், கையாலயே வழுக்கிட்டுப் போகும். பி6 போட்டா ஷாஃப்ட் 25.022க்கு மேல, ப்ரெஸ் வெச்சு அடிச்சாதான் ஏறும்.

மரவேலை ஆசாரிங்க ஒரு இஞ்ச்ச எட்டா பிரிச்சு நூல்னு சொல்லுவாங்க, ஒரு நூல்னா மூணு எம்எம்முக்கு மேல. கதவுக்கு அரை நூல் கூடக்குறைய இருந்தா இழைப்புளி போட்டு சரி பண்ணிக்கலாம். பொறுதின்னு பேர் வைக்காமயே அவங்களும் அதைத்தான் பாத்துட்டு இருந்தாங்க.

தம்பி எல்லாத்தையும் கேட்டுட்டு டிராயிங்ல இன்னொரு எடத்தைக் காட்டினான். "இந்த நீளம் 40க்குப் பக்கத்துல ஒண்ணுமே போடலயே, அப்ப இஷ்டத்துக்கு விடலாமாண்ணா?" டைட்டில் பிளாக்கை, டிராயிங் விவரமெல்லாம் எழுதியிருக்கற கட்டத்தைப் பாருன்னேன். மூலையில பொடி எழுத்துல ஐஎஸ்ஓ 2768-எம்னு இருந்துச்சு, தனியா பொறுதி போடாத அளவுக்கெல்லாம் பொதுவான விதி அது, அதுல 30க்கு மேல 120 வரைக்கும் ±0.3. "அப்ப பொறுதி 0.6"ன்னான்.