வம்சாவளி: ஆவளியா, வழியா?

'வம்சாவளி' என்றும் எழுதுகிறார்கள், 'வம்சாவழி' என்றும் எழுதுகிறார்கள். ளகரம் போட்டதுதான் சரி. வம்சம் + ஆவளி. ஆவளி என்றால் வரிசை. தீபங்களின் வரிசை தீபாவளி, நாமங்களின் வரிசை நாமாவளி, அதே கணக்கில் வம்சத்தின் வரிசை வம்சாவளி. 'வழிவழியாக வந்தவர்கள்' என்ற தமிழ் வழக்கு மனத்தில் ஊறிக் கிடப்பதால் கை தானாகவே ழகரத்துக்குப் போய்விடுகிறது. பிழைதான். ஆனால் நம் காது தனக்குத் தெரிந்த சொல்லைத் தேடிப் போய்ச் செய்த பிழை என்பதால் எனக்கு அதன்மேல் பெரிய கோபமில்லை.

சொல்லின் முன்பாதிதான் சுவையானது. சமஸ்கிருதத்தில் வம்சம் என்றால் முதலில் மூங்கில். கணுவுக்கு மேல் கணுவாக வளர்வதால் முதுகெலும்புக்கும் அந்தப் பெயர் ஆனது, தலைமுறைத் தொடர்ச்சிக்கும் ஆனது. பழந்தமிழில் குழலைக் குறித்த 'வங்கியம்' என்ற சொல்லையும் இதே வேரோடு சேர்த்துச் சொல்வதுண்டு. நம் பழைய நூல்களில் இது வமிசம், வங்கிசம் என்றெல்லாம் தமிழ் நாக்குக்கு ஏற்ற வடிவங்களில் வரும்.

மூங்கில் நேராக வளரும். பழைய வம்சாவளிகளும் அப்படித்தான்: தந்தை, மகன், அவன் மகன் என்று ஒரே கோடு. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில், சமஸ்கிருதப் பகுதி சோழர் வம்சத்தைச் சூரியனிலிருந்து தொடங்குகிறது. புராண மன்னர்கள் வரிசையாக வந்துபோன பிறகுதான் விசயாலயன், ஆதித்தன், பராந்தகன் என்று வரலாற்று மனிதர்கள் தலைகாட்டுகிறார்கள். தமிழ்ப் பகுதியோ கொடையாகக் கொடுத்த ஊர், அதன் எல்லை என்று மண்ணில் நின்று பேசுகிறது. ஆள்வதற்கு உரிமை இருக்கிறது என்று காட்டுவதே அந்த வரிசையின் வேலை. குடும்பத்தில் யார் யார் இருந்தார்கள் என்பது அதற்குத் தேவைப்படவில்லை.

சாதாரண மனிதர் தன் முன்னோரைத் தேடும்போது கணக்கே வேறு. பெற்றோர் 2, தாத்தா பாட்டி 4, அதற்கு மேல் 8. பத்தாவது தலைமுறையில் 1,024 இடங்கள். ஒரே ஆளே இரண்டு மூன்று இடங்களில் வரக்கூடும் என்பதால் ஆட்கள் குறையலாம், இடங்கள் குறையாது. தந்தைவழிக் கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே போனால் அந்த 1,024-ல் கையில் கிடைப்பது ஒன்றே ஒன்று. 'எங்கள் வம்சாவளி பத்துத் தலைமுறைக்குத் தெரியும்' என்று யாராவது சொன்னால், அதில் எத்தனை பாட்டிகளின் பெயர் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ஒரே சொல்லைத் தேடினால் மாட்டிக்கொள்வோம். ஏனென்றால் வம்சாவளியை நாம் இரண்டு பொருளில் கையாள்கிறோம். 'எங்கள் வம்சாவளியை எழுதி வைத்திருக்கிறேன்' என்றால் அது பட்டியல் அல்லது படம். 'இந்திய வம்சாவளியினர்' என்றால் அது பிறப்பு வழி. அங்கே எந்தப் பட்டியலும் இல்லை. ஆவளியின் பொருள் இரண்டாவதில் கரைந்தே போய்விட்டது.

பட்டியலுக்கு 'கொடிவழி' இருக்கிறது. சொத்து வழக்குகளில் யாருக்கு யார் பிள்ளை என்று கோடு போட்டுக் காட்டும் படத்துக்கும் இந்தச் சொல் வழங்குகிறது. கொடி படரும், கிளைக்கும். மூங்கிலைவிட உண்மைக்கு நெருக்கம். 'குடும்ப மரம்' என்று இப்போது பலர் எழுதுவது இறக்குமதிச் சரக்கு. கொடிவழி இருக்கும்போது அது எதற்கு?

பிறப்பு வழிக்குக் கால்வழி, குடிவழி என்று இரண்டு நல்ல சொற்கள். கால்வழியில் வரும் அதே 'கால்'தான் மகனைக் குறிக்கும் பழஞ்சொல்லான 'கான்முளை'யிலும் இருக்கிறது: கால் + முளை. ஆளைச் சொல்ல வழித்தோன்றல் போதும். 'இந்திய வம்சாவளியினர்' என்பதை 'இந்தியக் கால்வழியினர்' என்றால் முதல் வாரம் உறுத்தும், அப்புறம் பழகிவிடும். 'குலமரபு' என்று அகராதியில் பார்த்தாலும் நான் எழுத மாட்டேன். இன்று குலம் என்றதும் சாதிதான் முன்னால் வந்து நிற்கிறது.

மரபு இன்னும் அகலமானது. தொல்காப்பியத்தின் கடைசி இயல் மரபியல். 'பார்ப்பும் பறழும் குட்டியும் குருளையும்' என்று எந்த விலங்கின் குட்டியை எப்படி அழைப்பது என்பதில் தொடங்குகிறது. அதாவது வழங்கி வந்த முறையே மரபு. குடும்பம் விட்டுச்சென்ற பேச்சு, பாட்டு, தொழில், பழக்கம் என எல்லாவற்றுக்கும் அதுவே சரியான சொல். ஆட்களின் வரிசை கால்வழி, அவர்கள் கைமாற்றித் தந்தது மரபு.

இடையில் பரம்பரை பற்றி ஒன்று. பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன், பரன் என்று அடுக்கி, 'பரன் + பரை = பரம்பரை' என்று முடியும் செய்தி ஒன்று கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பரம்பரை சமஸ்கிருதச் சொல், 'ஒன்றன்பின் ஒன்றாக' என்பது அதன் பொருள். பாரம்பரியம் அதிலிருந்து பிறந்தது. தமிழுக்குச் சொல் இல்லாமல் போய்விடவில்லை: தலைமுறை, வழிமுறை, 'வாழையடி வாழை' எல்லாம் இருக்கின்றன. 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்' என்ற குறளில் எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் மக்கள் என்றே பொருள் கொள்கிறார்.

கொடிவழி எழுத உட்காருபவர்களுக்குப் 'பேரன்' என்ற சொல்லே ஒரு எச்சரிக்கை. அது 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்கியவன். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வரும். முருகன் மகன் வேலன், வேலன் மகன் முருகன், அந்த முருகன் மகன் மறுபடி வேலன் என்று போகும்போது, பழைய பத்திரத்தில் இருக்கும் வேலன் எந்த வேலன் என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. ஆண்டையோ மனைவி பெயரையோ பக்கத்தில் குறிக்காவிட்டால் இரண்டு பேர் ஒரே ஆளாகி, நடுவில் இரண்டு தலைமுறை காணாமல் போகும்.