கலை: துப்பாக்கிக்காரர்கள் சொல்லும் 'மினிட்' எது?

அமெரிக்காவில் தனக்கென்று ஒரு வார்மிண்ட் ரைஃபிள் (தொல்லை தரும் சிறு பிராணிகளைத் தூரத்திலிருந்து சுடும் துப்பாக்கி) செய்வித்து வைத்திருப்பவரிடம் "எப்படிச் சுடுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஹாஃப் மினிட்" என்பார். இதை 'அரை நிமிடம்' என்று தமிழில் எழுதினால் படிப்பவர் கடிகாரத்தைத்தான் நினைப்பார். அவர் சொன்னதோ ஒரு கோணத்தை; சுட்ட குண்டுகள் எவ்வளவு அகலத்துக்குள் விழுகின்றன என்பதை அந்தக் கோணத்தால் சொல்கிறார். 'மினிட் ஆஃப் ஆங்கிள்' என்பது முழுப்பெயர், எழுத்தில் எம்.ஓ.ஏ. தமிழில் எழுதுவோர் இதைக் 'கோண நிமிடம்' ஆக்கிவிடுகிறார்கள். அதைவிடப் பொருத்தமான சொல் வெகுகாலமாக நம்மிடம் புழக்கத்தில் இருக்கிறது: கலை.

ஒரு வட்டம் 360 பாகை. ஒரு பாகை 60 கலை. ஒரு கலை 60 விகலை. பஞ்சாங்கம் கணிப்பவர்கள் கிரகம் நிற்கும் இடத்தை ராசி, பாகை, கலை, விகலை என்று இந்த வரிசையில்தான் எழுதுகிறார்கள். வானத்துச் சந்திரனை அளக்கும் அலகும் நூறு கெஜத்தில் காகிதத்தில் விழுந்த ஓட்டையை அளக்கும் அலகும் ஒன்றே.

'மினிட்' என்ற சொல்லுக்கு நேரத்தோடு பிறவித் தொடர்பு கிடையாது. வட்டத்தை அறுபது அறுபதாகப் பகுப்பது பாபிலோனியர் வழி. கிரேக்க வானியலார் அதை எடுத்துக்கொண்டார்கள். லத்தீனில் முதல் பகுப்பை 'பார்ஸ் மினுத்தா ப்ரீமா' என்றார்கள், முதல் சிறுகூறு என்று பொருள். அதை மறுபடி அறுபதாக்கினால் 'பார்ஸ் மினுத்தா செக்குந்தா', இரண்டாம் சிறுகூறு. முன்னதிலிருந்து மினிட்டும் பின்னதிலிருந்து செகண்டும் வந்தன. கலையும் அப்படித்தான். வடமொழிக் 'கலா'வுக்குக் கூறு, சிறு பங்கு என்று பொருள். நிலவின் பதினாறு கலை என்று சொல்வதும் இதே பொருளில்தான். ஆக, 'மினுத்தா' சொல்வதையே கலையும் சொல்கிறது. 'நிமிடம்' வந்த வழி வேறு. அது 'நிமிஷம்' என்பதன் திரிபு; கண் இமைக்கும் நேரம். கோணத்துக்கு இமைப்பு எப்படிப் பொருந்தும்?

இந்தச் சொல்லின் மேல் எனக்கு இவ்வளவு பற்று வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வட்டத்தின் சுற்றளவு 21,600 கலை. அதே அலகில் ஆரத்தைக் கணக்கிட்டால் 3438. கி.பி. 499-இல் ஆரியபடர் தம் சைன் அட்டவணையை அமைத்தது இந்த 3438 கலை ஆரத்தின் மேல்தான். இன்றைக்கு அமெரிக்காவின் மொன்டானாவில் துப்பாக்கியோடு படுத்திருப்பவருக்கும் அதே எண்தான் வேண்டும். தூரத்தை 3438-ஆல் வகுத்தால் அந்தத் தூரத்தில் ஒரு கலை எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிடும். நூறு கெஜம் 3600 அங்குலம், வகுத்தால் 1.047 அங்குலம். நூறு மீட்டர் என்றால் சுமார் 29 மில்லிமீட்டர். 'ஒரு எம்.ஓ.ஏ. என்றால் ஒரு அங்குலம்' என்று பலர் சொல்வது நூறு கெஜத்தில் தோராயமாகச் சரி. ஆயிரம் கெஜத்தில் குறியை இருபது கலை உயர்த்தும்போது அந்தத் தோராயம் ஒன்பது அங்குலத்துக்கு மேல் தவறிப்போகும்.

சோதனை அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நூறு கெஜத்தில் ஐந்து குண்டு சுட்டிருக்கிறது. மூன்று ஓட்டைகள் ஒன்றோடொன்று கிழிந்து இலைபோல் ஆகிவிட்டன, ஒன்று ஒட்டினாற்போல், ஐந்தாவது மட்டும் வலப்பக்கம் தள்ளி. வெர்னியர் அளவுகோலை வைத்து அதிகம் விலகிய இரண்டு ஓட்டைகளின் வெளிவிளிம்புகளுக்கு இடையே அளந்தால் 0.748 அங்குலம். இதில் குண்டின் விட்டமான 0.224-ஐக் கழித்தால் மையத்துக்கு மையம் 0.524. அதை 1.047-ஆல் வகுத்தால் அரைக்கலை. ஐந்தாவது குண்டை 'அது என் கைப்பிழை' என்று கணக்கிலிருந்து தள்ளிவிட ஆசை வரும். தள்ளக் கூடாது.

இங்கே தோட்டா வேறு, குண்டு வேறு என்பதும் நினைவில் இருக்கட்டும். பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு, நான்கும் சேர்ந்ததே தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும். கடையில் வாங்கும் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்தது. கையால் மருந்திட்டுச் செய்பவர் தன் குழல் ஒன்றுக்காகவே செய்கிறார். புத்தகத்தில் கண்ட உச்ச அளவைத் தாண்டாமல், மருந்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு அளவுக்கும் தனி அட்டையில் சுட்டுப் பார்க்கிறார். பிறகு மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு குண்டு கூட்டுக்குள் இறங்கும் ஆழத்தை மாற்றுகிறார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்; இரண்டையும் மாற்றினால் அட்டை சொல்வது விளங்காது.

அட்டை காட்டுவது குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதை மட்டுமே. அதைக் குவிவு என்று சொல்லலாம். குறி பார்த்த இடத்திலேயே விழுகின்றனவா என்பது வேறு கேள்வி. துப்பாக்கி மேல் பொருத்திய குறிநோக்கியான ஸ்கோப்பைத் திருத்தினால் அது சரியாகிவிடும். இரண்டையும் 'துல்லியம்' என்ற ஒரே சொல்லில் போட்டு அடைப்பதால் குழப்பம் வருகிறது. இன்னொன்று, 'அரைக்கலை' என்பவர் எத்தனை குண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐந்து குண்டுக்குச் சராசரியாக அரைக்கலை தரும் அதே துப்பாக்கியும் அதே தோட்டாவும், சிதறல் புள்ளியியலில் சொல்லும் இயல்நிலைப் பரவல்படி அமைகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், மூன்று குண்டுக்கு 0.39 கலையும் பத்துக்கு 0.62 கலையும் தரும். மூன்று குண்டு சுட்டுவிட்டு 'எனக்கேற்ற மருந்தளவு கிடைத்துவிட்டது' என்று முடிவுகட்டுவது அவசரம் என்றே நினைக்கிறேன்.

அரைக்கலை எதற்கு, ஒரு கலை போதாதா? 'வார்மிண்ட்' என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. பயிருக்கோ மேய்ச்சலுக்கோ தொல்லை தரும் சிறு பிராணியைக் குறிக்கும் 'வெர்மின்' என்பதன் பேச்சு வடிவம் அது. மூலம் லத்தீன் 'வெர்மிஸ்', புழு. புல்வெளியில் வளை தோண்டும் பிரெய்ரி நாய், பெயரில் நாய் என்றாலும் அணில் இனம். நிமிர்ந்து நின்றால் அகலம் மூன்று நான்கு அங்குலம்தான். முந்நூறு கெஜத்தில் ஒரு கலை 3.14 அங்குலம். துப்பாக்கியின் சிதறலே பிராணியின் அகலத்தை நிரப்பிவிட்டால், காற்றுக்கும் சுடுபவரின் கைக்கும் இடமே இல்லை. குறிதப்பிக் காயத்தோடு வளைக்குள் போய் அது வதைபடக் கூடாது என்பதற்காகவும் அரைக்கலை வேண்டும்.

ஸ்கோப்பிலும் இதே அலகுதான். குமிழைத் திருகும்போது கேட்கும் ஒவ்வொரு 'டிக்'கும் பெரும்பாலான எம்.ஓ.ஏ. ஸ்கோப்புகளில் கால் கலை. இலக்குச் சுடுதலுக்கும் வார்மிண்ட் வேலைக்கும் செய்தவை சிலவற்றில் எட்டில் ஒரு பங்கு. ஆங்கிலத்தில் அதை 'ஒன் எய்ட்த்' என்று எண்ணால்தான் சொல்ல முடியும். நமக்கு 'அரைக்கால்' என்று தனிச்சொல்லே உண்டு. அரைக்கால் கலை, நூறு கெஜத்தில் சுமார் மூன்று மில்லிமீட்டர். அரைக்கலை, முக்கால் கலை, ஒன்றரைக் கலை என்று எதைச் சொன்னாலும் நாவில் இடறவில்லை. 'அரைக் கோண நிமிடம்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஓவியமும் நாட்டியமும் கூடக் கலைதானே, குழம்பாதா என்று கேட்கலாம். முன்னால் ஒரு எண் வந்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது. அப்படியும் ஐயம் எழும் இடத்தில் 'கோணக்கலை' என்று ஒருமுறை எழுதிவிட்டு மேலே போகலாம். அட்டையின் மூலையில் எழுத இடம் கொஞ்சம்தான்: '5 குண்டு, 100 கெஜம், அரைக்கலை.'