அமெரிக்க அரசின் 8(ஏ) திட்டம்: என்ன, யாருக்கு, எப்படி?

அமெரிக்காவில் சின்னதாக ஐ.டி. கம்பெனி நடத்தும் நம்மவர் யாராவது "எங்களுடையது எயிட்-ஏ கம்பெனி" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பலர் இதை மானியம் என்றோ கடன் என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை. கையில் ஒரு டாலர்கூடத் தரமாட்டார்கள். அரசுத் துறைகளின் ஒப்பந்தங்களில் ஒரு பகுதியை, சமூகரீதியாகவும் பொருளாதாரரீதியாகவும் பின்தங்கியவர்கள் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கென்று, பெரிய கம்பெனிகள் நுழைய முடியாதபடி ஒதுக்கி வைப்பார்கள். தொகை ஒரு வரம்புக்குள் இருந்தால் டெண்டர் போட்டியே இல்லாமல் நேரடியாகவும் கொடுக்கலாம். அவ்வளவுதான் சலுகை.

சிறுதொழில் சட்டத்தின் 8(ஏ) உட்பிரிவுதான் பெயருக்குக் காரணம். 1953-இல் தொடங்கிய சிறுதொழில் நிர்வாகம், அதாவது எஸ்.பி.ஏ., ஒரு துறையிடமிருந்து ஒப்பந்தத்தைத் தானே வாங்கி, அதைச் சின்ன நிறுவனத்துக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுக்க இந்த உட்பிரிவு வழிசெய்கிறது. வெகுகாலம் இது ஏட்டோடு கிடந்தது. 1967 கோடையில் நெவார்க், டெட்ராய்ட் நகரங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் கலவரம் வெடித்த பிறகுதான் தூசி தட்டி எடுத்தார்கள்.

முதலீடு திரட்டும் வேலையைக் கறுப்பின மக்கள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். பிலடெல்பியாவில் போதகர் லியோன் சல்லிவன் 1962-இல் தம் சபையினரிடம் மாதம் 10 டாலர், 36 மாதம் என்று வாங்கினார், சீட்டு கட்டுவது போல. அந்தப் பணத்தில் வளர்ந்ததுதான் 1968-இல் திறந்த 'ப்ராக்ரஸ் பிளாசா' கடைத்தொகுதி. கடை திறக்கப் பணம் சேர்த்தாயிற்று. ஆனால் பெரிய ஆர்டர் யார் கொடுப்பது?

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் பாரன் மிட்செல். மேரிலாந்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பினத்தவர். 1977-இல் 400 கோடி டாலர் பொதுப்பணி மசோதா வந்தபோது, அதில் 10 சதவீதம் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் போகவேண்டும் என்று ஒரு திருத்தத்தைச் சேர்க்கவைத்தார். வழக்கு போட்டார்கள், செல்லும் என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதற்கிடையே, 1978-இல், 8(ஏ) திட்டத்துக்கும் முறையான சட்ட வடிவம் கிடைத்தது.

1982-இல் இந்திய வம்சாவளியினரையும் பின்தங்கியோர் பட்டியலில் சேர்த்தார்கள். நம்மவர்கள் 'எயிட்-ஏ' என்று சொல்லிக்கொள்வது இந்த வழியாகத்தான். அந்தக் கதவைத் தட்டித் திறந்தவர்களின் பெயர் நம்மில் பாதிப்பேருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

சரி, யார் சேரலாம்? அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு போதாது. நிறுவனம் எஸ்.பி.ஏ. அளவுகோலின்படி சிறுதொழிலாக இருக்கவேண்டும். குறைந்தது 51 சதவீதம் பின்தங்கியவருடையதாக இருப்பதோடு, அன்றாட நிர்வாகமும் அவர் கையில்தான் இருக்கவேண்டும். பினாமி செல்லாது. அவருடைய நிகரச் சொத்து மதிப்பு (கடன் போக மிஞ்சுவது), குடியிருக்கும் வீடும் இந்த நிறுவனத்தில் உள்ள பங்கும் நீங்கலாக, 8,50,000 டாலரைத் தாண்டக்கூடாது. மூன்றாண்டுச் சராசரி வருமானம் 4,00,000 டாலருக்குள் இருக்கவேண்டும். தொழில் தொடங்கி இரண்டு ஆண்டு ஆகியிருக்கவேண்டும் என்பது பொது விதி, விலக்கும் உண்டு.

பட்டியலில் உள்ள இனத்தவர் என்றாலே சமூகரீதியாகப் பின்தங்கியவர் என்று முன்பெல்லாம் எடுத்துக்கொள்வார்கள். 2023 ஜூலையில் டென்னசி மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அதன்பிறகு ஒவ்வொருவரும் தனக்கு நேர்ந்த பாகுபாட்டை, எப்போது, எங்கே, அதனால் தொழிலில் என்ன இழப்பு என்று எழுதிக் காட்டும்படி ஆயிற்று. "எங்கள் இனத்தையே ஒதுக்குகிறார்கள்" என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. கடன் மறுத்த கடிதம் போன்ற காகிதம் கையில் இருந்தால் நல்லது.

விண்ணப்பத்துக்கு எஸ்.பி.ஏ. கட்டணம் வாங்குவதில்லை. சேர்ந்தால் ஒன்பது ஆண்டு, முதல் நான்கு வளர்ச்சிக் கட்டம், அடுத்த ஐந்து மாறுதல் கட்டம். மாறுதல் கட்டத்தில் திட்டத்துக்கு வெளியிலும் வியாபாரம் பிடித்துக் காட்டவேண்டும். ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் இந்த வாய்ப்பு. ஆகவே கம்பெனி பதிந்த சூட்டோடு சூடாக அவசரப்பட்டு உள்ளே போகாமல், ஒரு துணை ஒப்பந்தமாவது செய்து பழகிவிட்டு விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம். உள்ளே போன நாளிலிருந்தே ஒன்பது ஆண்டுக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும்.