மூன்று முறை சட்டமன்றம் போனவருக்கு ஏன் நிலம் நிற்கவில்லை? டேனியல் பூனின் பத்திரங்கள்

18-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் எல்லைப்புற வேட்டைக்காரர் டேனியல் பூன் என்றால் துப்பாக்கியும் தோல் சட்டையும்தான் நினைவுக்கு வரும். பத்திரம் பார்ப்பவர்களுக்கோ அவர் வேறொரு பாடம். விர்ஜினியா சட்டமன்றத்துக்கு 1781, 1787, 1791 என மூன்று முறை தேர்வானார். ஷெரீஃப் பதவி வகித்தார். துணை சர்வேயராகச் சங்கிலி பிடித்து ஊரார் நிலத்தை அளந்தும் கொடுத்தார். அப்படியிருந்தும், அப்போது விர்ஜினியாவின் பகுதியாக இருந்த கென்டக்கியில் அவர் கோரிய ஆயிரக்கணக்கான ஏக்கரும் கைவிட்டுப் போயின.

வில்லங்கம் தாய்ப் பத்திரத்திலேயே தொடங்கியது. 1775 மார்ச்சில் ரிச்சர்ட் ஹெண்டர்சனின் கம்பெனி செரோக்கி பழங்குடி மக்களிடம் சுமார் 2 கோடி ஏக்கரைக் கிரயம் பேசியது. கம்பர்லாந்து கணவாய் வழியே பாதை வெட்டப் போனவர் பூன். அந்தக் காடுகளில் காலங்காலமாக வேட்டையாடிய ஷானி மக்களை யாரும் கேட்கவில்லை. தனியார் வாங்கிய அந்தக் கிரயத்தை விர்ஜினியாவும் 1778-ல் செல்லாது என்றது.

அடுத்து வந்தது 1779-ன் நிலச் சட்டம். கருவூலத்தில் 100 ஏக்கருக்கு 40 பவுண்டு காகிதப் பணம் கட்டி வாரண்ட், அதாவது நிலம் கோரும் உரிமைச் சீட்டு வாங்க வேண்டும். எந்த இடம் வேண்டும் என்று சர்வேயரின் பதிவேட்டில் எழுத வேண்டும். அப்புறம் அளவை, கடைசியில் பட்டா. முதல் படியிலேயே பூனுக்கு அடி: 1780-ல் வாரண்ட் வாங்கத் தன் பணமும் பிறர் பணமுமாகச் சுமார் 20,000 டாலர் கொண்டு போனார், வழியில் விடுதியில் தூங்கும்போது அத்தனையும் களவு போனது.

ஆனால் பெரும்பாலோரைக் கவிழ்த்தது இரண்டாம் படி. அரசு முன்கூட்டி எதையும் அளந்து வைக்கவில்லை. இடத்தைக் காட்டுவது வாங்குபவர் எழுதும் நான்கெல்லை மட்டுமே. பக்கத்து நிலத்துக்கு வருபவர் அதைப் படித்து இடத்தைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும் என்பது சட்டம். எழுதியதோ 'ஓடை பிரியும் இடத்தில் வெட்டுக்குறி போட்ட மரம்' என்கிற தோரணையில். மரம் விழுந்துவிடும், ஒரே ஓடைக்கு ஆளுக்கொரு பெயர். நீளம் 16.5 அடிக் கோல் கணக்கு, திசை காந்த ஊசிக் கணக்கு. ஊசி ஆண்டுக்காண்டு கொஞ்சம் விலகும், சரிவில் இழுத்த சங்கிலி சமதள நீளத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக உரிமைகள் ஏறின. பதிவு தெளிவில்லை என்று நிரூபணமானால், கையில் பட்டா இருந்தும் நீதிமன்றத்தில் தோற்கலாம். (ஆபிரகாம் லிங்கனின் தந்தை 1816-ல் கென்டக்கியை விட்டு இந்தியானா போனதற்கும் முக்கியக் காரணம் இந்தப் பட்டாத் தகராறுதான்.)

பூன் செய்த பெரிய பிழை, உறுதியாகாத நிலத்தை உத்தரவாதம் எழுதிக் கொடுத்து விற்றது. நிலம் போனபோது ஈடுகட்டும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. 1798-ல் ஒரு நில வழக்கில் சாட்சி சொல்ல வராததால் அவர்மீது பிடியாணை பிறந்தது. வேடிக்கை, கென்டக்கி ஒரு கவுண்டிக்கு (மாவட்டத்துக்கு) அவர் பெயரைச் சூட்டியதும் அதே ஆண்டில்தான்.

1799-ல், அப்போது ஸ்பெயின் வசமிருந்த மிசூரிக்குக் குடிபெயர்ந்தார். அங்கே 1,000 ஆர்பெண்ட், அதாவது சுமார் 850 ஏக்கர் கிடைத்தது. அதிகாரி வாய்மொழியாகச் சொன்னதை நம்பிப் பயிரிடவில்லை, நியூ ஆர்லியன்ஸில் பெற வேண்டிய இறுதி ஒப்புதலையும் பெறவில்லை. மிசூரி அமெரிக்காவின் கைக்கு மாறியதும், நில உரிமைகளை ஆராய்ந்த ஆணையம் அவர் கோரிக்கையைத் தள்ளியது. 1814-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தது. அதிலும் பெரும்பகுதியை, கென்டக்கியின் பழைய கடன்களை அடைக்கவே விற்றார்.