மதுரைக்கு மூன்றாம் தடவை வருகிறவர்களுக்கு

“மதுரைதானே, எல்லாம் பார்த்தாச்சு.” போனில் இதைச் சொல்லாத ஆள் குறைவு. கல்யாணத்துக்கு வந்திருப்பார்கள், முகூர்த்தம் முடிந்து ஒரு நாள் மிச்சமிருக்கும். இல்லையென்றால் ராமேஸ்வரம் போகிற வழியில் ஒரு நாள் தங்கல். கோயில், மகால், ஜிகர்தண்டா மூன்றும் போன தடவையே முடிந்திருக்கும். அந்த மிச்ச நாளுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் கார்க்காரர்கள் பெரும்பாலும் கொடைக்கானலைக் கை காட்டுவார்கள். போக 3 மணி நேரம், வர 3 மணி நேரம், நடுவில் ஏரியைச் சுற்றி வண்டி நெரிசல். வாடகை அவருக்கு, முதுகுவலி உங்களுக்கு.

பதினேழு வருஷமாக இந்த ஊரில் கைடாக இருக்கிறேன். இரண்டாம், மூன்றாம் தடவை வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஊரைவிட்டு 25 கிலோமீட்டர் தாண்டாதீர்கள், ஒரு நாளைக்கு ஒரு திசை போதும், விடியும்போது மலை மேல் இருங்கள். மதுரையைச் சுற்றி நிற்கிற மொட்டைப் பாறைகளில் எழுதி வைத்திருப்பதெல்லாம், இன்று நீங்கள் பார்க்கிற கோயில் கோபுரங்கள் எழும்புவதற்கு வெகுகாலம் முந்தியது.

முதல் தடவை மலைக்கு வருகிறவர்களை நான் கீழக்குயில்குடிக்குத்தான் கூட்டிப் போவேன். நகரத்துக்கு மேற்கே 15 கிலோமீட்டருக்குள், பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ்ஸே உண்டு. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். அந்தக் கோயிலுக்குப் பின்னால் பாறையில் வெட்டின படியில் ஏறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சிறு சுனை, அதற்கு மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள், காலடியில் வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து வடிவம். செய்து கொடுத்தவர் பெயர், அவர் ஊர்ப் பெயர், அவ்வளவுதான் விஷயம். ஆயிரம் வருஷம் கழித்தும் டியூப்லைட் உபயதாரர் பெயரை நாம் அப்படித்தான் எழுதுகிறோம் என்று சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள்.

அதே மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. வாயிலில் உட்கார்ந்திருக்கும் மகாவீரரின் நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். குகைக்குள் குனிந்து நுழைந்து அண்ணாந்து பாருங்கள். சிங்கத்தின் மேல் ஏறி வில்லோடு நிற்கும் ஒரு பெண், எதிரே யானை மேல் ஒரு வீரன். சமணம் என்றால் கண்ணை மூடிய துறவி மட்டும்தான் என்று நினைத்து வந்தவர்கள் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள்.

இந்த மலையில்தான் என் தொழிலில் நான் செய்த பெரிய தப்பும் நடந்தது. ஒரு மே மாதம், அறுபதைத் தாண்டிய கணவன் மனைவி. அவர்கள் டிபன் முடித்துக் கிளம்பவே பத்து மணி. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சின்ன மலைதானே என்று கூட்டிப் போய்விட்டேன். இறங்கும்போது அந்த அம்மாவுக்குக் கண் இருட்டிவிட்டது. வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை, பாறை கீழிருந்தும் அடிக்கும். கைத்தாங்கலாக நிழலுக்குக் கொண்டுவந்து, தலையையும் கழுத்தையும் நனைத்து, அடிவாரத்தில் மோர் வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துத்தான் அவர் பேசினார். அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: மார்ச் முதல் ஜூன் வரை 9 மணிக்குக் கால் தரையில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையில் இல்லாமல் படி ஏறக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வெயில் தொல்லை இல்லை, ஆனால் மழை பெய்த மறுநாள் பாறையில் பாசி வழுக்கும், புதுச் செருப்பெல்லாம் வேலைக்கு ஆகாது. தலைக்கு மேல் மலைத்தேன் அடை தொங்கினால் சென்ட் போட்டவர்கள், சிகரெட் பற்ற வைக்கிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது மாங்குளம். அழகர்மலைக்குக் கிழக்கே, மீனாட்சிபுரம் ஊரை ஒட்டிய மலை. இங்கே கம்பி, கைப்பிடியெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டால் வழி தப்பாது. பெரும் பாறை ஒன்று குடை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்கு. அதற்குக் கீழே தமிழி எழுத்து, தமிழ்-பிராமி என்றும் சொல்வார்கள், தமிழின் ஆகப் பழைய எழுத்து வடிவம். 1882இல் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்ணில் பட்டது, பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் அதில் இருப்பதை 1965இல் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். கணி நந்தன் என்ற துறவிக்காக, நெடுஞ்செழியனின் அலுவலர் கடலன் வழுதி செய்வித்த பள்ளி, அதாவது துறவிகள் தங்குமிடம் என்பது செய்தி. சங்கப் பாட்டில் மட்டும் கேட்ட பெயர் ஒன்று, 2,000 வருஷத்துக்கு மேலாக ஒரு பாறையில் இருக்கிறது.

பகல் பத்து மணிக்குப் போனால் அந்த எழுத்து உங்கள் கண்ணுக்கே தெரியாது. வெறும் பாறை. தெரியவில்லையே என்று சாக்பீஸ் தேய்க்கிறார்கள், திருநீறு பூசுகிறார்கள், ஒருமுறை ஒருவர் சாவியால் கோட்டின் மேலேயே கோடு இழுத்ததைக் கண்ணால் பார்த்தேன். போட்டோ தெளிவாக வர வேண்டுமாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஒரு டார்ச் போதும். எழுத்துக்கு நேராகப் பிடிக்காமல் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் சேர்ந்து எழுத்து தானாக எழும்பி வரும். காலைச் சூரியன் அதையே செலவில்லாமல் செய்யும் இடங்களும் உண்டு. நான் விடியற்காலை என்று பிடிவாதம் பிடிப்பதற்கு வெயில் ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

பாறையில் பெயர் கிறுக்குவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். நீல நிறப் பலகையில் அது எழுதியும் இருக்கும். சில மலைகளில் அந்தப் பலகை மேலேயே பெயர் எழுதியிருக்கிறார்கள். துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய கற்படுக்கையில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலம் பிரிக்கிறவர்களும் உண்டு. எண்ணெய்க் கறை கல்லில் இறங்கினால் அது இறங்கியதுதான்.

மேலூர் பக்கம் போகிறவர்களுக்கு அரிட்டாபட்டி. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தால் 2024 கடைசியில் ஊர் பெயர் நாடெங்கும் அடிபட்டது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதற்கும் முன்பே, 2022 நவம்பரில், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு இதை அறிவித்திருந்தது. ஏழு மலை, சுனைகள், கண்மாய்கள், சிறு குடைவரைச் சிவன் கோயில். அந்தக் கோயிலில் இருக்கும், சிவனின் அவதாரமாகச் சொல்லப்படும் இலகுலீசர் சிற்பம் தமிழ்நாட்டில் அரிதாகக் கிடைப்பது. ஆனால் இங்கே நான் கழுத்தை மேலே திருப்பச் சொல்வது பறவைகளுக்காக. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மாதிரியான வேட்டைப் பறவைகளுக்கு இந்தச் செங்குத்துப் பாறைகள்தான் வீடு. ட்ரோன் விடுவது, ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவது, எதிரொலி கேட்கக் கத்துவது எதுவும் வேண்டாம். ஊருக்குள் வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று மந்தையில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சொந்த மலையைக் காப்பாற்றத் தெருவில் இறங்கியவர்கள் அவர்கள்.

எல்லாருக்கும் மலை ஏற முடியாது, தெரியும். முட்டி வலி, கைக்குழந்தை, நல்ல மழை. அந்த நாளுக்குக் கீழடி இருக்கிறது. தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர், சிவகங்கை மாவட்ட எல்லைக்குள். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியது, வராண்டாவில் உட்காரலாம். பானை ஓட்டில் கீறிய ‘ஆதன்’, ‘குவிரன்’ என்ற பெயர்களைப் பிள்ளைகளை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். வார விடுமுறை எந்த நாள் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பி வந்து என்னைத் திட்டியவர்கள் நிறையப் பேர்.

ஊருக்குள்ளேயே சுற்ற வேண்டுமென்றால் மேலமாசி வீதிக்கு நடந்து போங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினது இந்தத் தெரு வீட்டில். கீழே கதர்க்கடை, ஜவுளிக்கடைக் கூட்டத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளம் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து சுண்டல் தின்னலாம், அதற்கு நான் தேவையில்லை.

கடைசியாக ஒத்தக்கடை, நரசிங்கம். மேலூர் ரோட்டில் யானைமலையை எல்லாரும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள், இறங்கியவர்கள் குறைவு. மலையின் அடியில் குடைந்த நரசிம்மர் கோயில், கல்வெட்டின்படி ஆண்டு 770. பாண்டிய மன்னனின் அமைச்சர் மாறன் காரி குடைவித்தார். நீர் தெளிப்பதற்குள், அதாவது குடமுழுக்குச் செய்வதற்குள் அவர் சொர்க்கம் ஏறிவிட்டார், அவர் தம்பி மாறன் எயினன் அண்ணன் பதவிக்கு வந்து, முகமண்டபம் செய்து, நீர் தெளித்தார். கல்லில் அப்படியே இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்விடுங்கள்.

போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கட்டட மேஸ்திரிக்கு இதை வாசித்துக் காட்டினேன். அவருக்கு இது நாலாவது மதுரைப் பயணம். தூணைத் தடவப் போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் மண்டபத்து விதானத்தையே பார்த்தார்.

“அப்ப அண்ணன் காண்ட்ராக்ட்டு, ஃபினிஷிங் தம்பியோடதுங்களா?”

“ஆமாங்கண்ணே.”