சேஸ் என்றால் என்ன? அடிச்சட்டமா, அடிச்சட்டகமா?

பாடி கட்டுவதற்காகக் கரூர் பக்கம் போகும் மொட்டை பஸ்ஸை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். கூரை கிடையாது, கதவு கிடையாது. எஞ்சின், சக்கரங்கள், அவற்றைச் சுமக்கும் இரண்டு நீள இரும்புச் சட்டங்கள், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு டிரைவர். அதுதான் சேஸ். 'சேசிஸ்' என்று கடைசி எழுத்தையும் விடாமல் சொல்பவர்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'ஷாஸி'. நம் மெக்கானிக்குகள் 'சேஸ்' என்று சுருக்கி வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

பிரெஞ்சில் அதற்குச் சட்டம் என்று பொருள். ஜன்னல் சட்டமும் ஷாஸிதான். ஆங்கிலத்துக்குள் 17-ஆம் நூற்றாண்டில் அது ஜன்னல் வழியாகவே நுழைந்தது. ஜன்னலின் 'சாஷ்' இதன் திரிபு. அப்புறம் பீரங்கியின் அடிப்பகுதிக்குப் போய், கார் வந்தபின் காருக்கும் வந்தது. வேரைத் தோண்டினால் லத்தீனின் 'காப்சா', அதாவது பெட்டி. மருந்துக் கேப்சூல் அதே வேரில் வந்த சின்னப் பெட்டி. ஆங்கிலக் 'கேஷ்' பணப்பெட்டியிலிருந்து வந்தது. (நம் காசுக்கும் அந்தக் கேஷுக்கும் உறவில்லை. ஆனால் கம்பெனி காலத்து வெள்ளையர்கள் நம் செப்புக்காசையும் 'கேஷ்' என்றே எழுதினார்கள். அது மட்டும் காசேதான்.)

தமிழில் தச்சருடைய சொல்லே இருக்கிறது: கதவுச் சட்டம், படச் சட்டம். ஆகவே அடிச்சட்டம் என்பது நேரான சொல். ஒரே தொல்லை, 'அடிச்சட்டத்தில் திருத்தம்' என்றால் நாடாளுமன்றம் நினைவுக்கு வரும். அதனால் முழு அமைப்பை அடிச்சட்டகம் என்றும், அதில் ஓடும் ஒவ்வொரு நீள இரும்பையும் சட்டம் என்றும் சொல்வதே என் கட்சி. சட்டகத்துக்கு உடல் என்ற பழைய பொருளும் உண்டு, பொருத்தம்தான்.

சரி, அடிச்சட்டகத்தைப் பலப்படுத்தும் வேலையை என்னவென்று சொல்வது? அமெரிக்காவில் பழைய காரைப் பிரித்துத் தன் விருப்பத்துக்குக் கட்டுகிறவர்களுக்கு 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு மேல் தனிப் பிரியம். அதன் சட்டம் 'ப' எழுத்தைப் படுக்கவைத்ததுபோல ஒரு பக்கம் திறந்தது. அன்றைய வி8 எஞ்சினின் (எட்டு சிலிண்டர்கள் 'V' வடிவில் நிற்பது) 65 குதிரைத்திறனுக்கு அது போதும். அதில் 1955-இல் வந்த, 162 குதிரைத்திறனில் தொடங்கிய செவர்லே வி8-ஐ உட்காரவைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சட்டகம் முறுக்கிக்கொள்ளும். நேற்றுவரை ஒழுங்காகச் சாத்திய கதவு இடிக்கத் தொடங்கும்.

வைத்தியம், திறந்த பக்கத்தில் தகடு வைத்துப் பற்றவைத்து மூடிவிடுவது. ஆங்கிலத்தில் இதற்கு 'பாக்ஸிங்' என்று பெயர். குத்துச்சண்டை அல்ல, பெட்டியாக்கல். சேஸ் தன் வேர்ச்சொல்லுக்கே திரும்புகிறது! ஊதுபத்தி வரும் அட்டைக் குழாயை நீளவாக்கில் கீறிவிட்டு முறுக்கிப் பாருங்கள், துணிபோல் திரும்பும். கீறாத குழாய் அசையாது. 100 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனமுள்ள 'ப' சட்டத்தை அதே கனத் தகட்டால் மூடினால், கணக்குப்படி முறுக்கு விறைப்பு 400 மடங்குக்கு மேல் கூடும். வளைவுக்கு எதிரான பலம் இந்த அளவுக்கு அதிகரிக்காது, லாபமெல்லாம் முறுக்கில்தான்.

'வலுவூட்டல்' என்ற பொதுச்சொல் கான்கிரீட் கம்பிக்கும் பொருந்தும். இந்த வேலைக்குப் 'பெட்டியாக்கல்' என்பதே துல்லியம்.

பற்றவைக்கும்போது ஒரே மூச்சில் நீளமாக இழுத்தால் சூட்டில் சட்டம் கோணிப்போகும். முதலில் புள்ளி புள்ளியாகப் பிடித்து, அப்புறம் இங்கே கொஞ்சம், எதிர்முனையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போகவேண்டும். தகட்டின் முனையைச் செங்குத்தாக வெட்டினால் விரிசல் அந்தக் கோட்டிலேயே பிறக்கும், சாய்த்து வெட்டுவார்கள். கீழே தண்ணீர் வடிய ஒரு துளையும் வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிக்குள் தேங்கும் ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் சட்டத்தைத் தின்றுகொண்டிருக்கும்.